எடையைக் கேளுங்கள், விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள்: பழைய நாணயம் விற்கும் இணையச் சந்தைகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய நாணயங்களை விற்க இடம் தரும் இணையச் சந்தை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய கைப்பேசியை விற்க வருபவரிடம் நிறுவனம், மாடல், நினைவகம், வாங்கிய ஆண்டு, திரையில் கீறல் உண்டா என்பதுவரை உங்கள் படிவம் கேட்கிறது. விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயை விற்க வருபவரிடமோ தலைப்பு, ஒரு படம், விலை ஆகிய மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு பதிவை வெளியிட்டுவிடுகிறீர்கள். எடை எவ்வளவு என்ற கேள்வி இல்லை. விட்டம் இல்லை. விளிம்பின் படம் இல்லை. இந்த இடைவெளியில்தான் போலிக் காசுகள் தழைக்கின்றன; தேய்ந்த காசு ‘புத்தம் புதிது’ என்ற பெயரில் பல மடங்கு விலைக்குப் போகிறது.

நாணயச் சேகரிப்பில் நெடுநாள் பழகியவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: விற்பவர் தன் கையில் இருக்கும் காசைப் பற்றிய சான்றைத் தராமல் எந்தப் பதிவும் வெளியாகக் கூடாது. என்ன சான்று, அது எந்த மோசடியைப் பிடிக்கும், எங்கே போதாமல் போகும் என்பதை விரித்துச் சொல்கிறோம். வாங்குபவர்களும் இதைப் படிக்கட்டும். நீங்கள் மாறும்வரை இந்தச் சோதனைகளை அவர்கள்தான் செய்தாக வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குவோம். 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். நகைக்கடைக்காரர்கள் சொல்லும் ஒரு தோலா இதே எடைதான். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.7 விழுக்காடு. விட்டம் 30.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, இரண்டணா வெள்ளிக்காசு 1.46. போர்க்காலத்தில் 1940இல் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடை மட்டும் மாறவில்லை. புலி பொறித்த 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது முழுக்க நிக்கல். அதை ‘வெள்ளி ரூபாய்’ என்று விற்கும் பதிவுகளை நீக்க நிபுணர் வேண்டியதில்லை. நிக்கல் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. அதே காரணத்தால் விக்டோரியா ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது. போலிகளில் பெரும்பாலானவை ஜெர்மன் சில்வர் எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையிலோ, பித்தளையின் மேல் வெள்ளி முலாம் பூசியோ வருகின்றன. இவை காந்தத்துக்கு அசையாது. இங்கேதான் எடையும் அளவும் சேர்ந்து பேசுகின்றன. இந்தக் கலவைகள் வெள்ளியைவிட அடர்த்தி குறைந்தவை. விட்டமும் தடிமனும் சரியாக இருந்தால் எடை குறைந்து 10 கிராம் அளவில் நிற்கும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசும் ஒரு வெர்னியர் காலிப்பரும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. நாணயம் விற்றுப் பிழைப்பவரிடம் இவை இரண்டும் இல்லை என்றால் அதை நாங்கள் நம்பத் தயாரில்லை.

தராசு இருந்தால் அடர்த்தியையே அளந்துவிடலாம். காசை முதலில் அப்படியே நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிய சிறு கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையோ பக்கச்சுவரையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதும் மூழ்குமாறு தொங்கவிட்டால் தராசு ஓர் எண்ணைக் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. 11.66 கிராம் உள்ள நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 அளவில் காட்டும், வகுத்தால் 10.3. 1940இலிருந்து வந்த ஐம்பது விழுக்காடு வெள்ளி ரூபாய்க்கு 1.22 அளவில் வரும், அடர்த்தி 9.5. ஜெர்மன் சில்வர் என்றால் 1.34ஐ ஒட்டிப் போய்விடும், அடர்த்தி 8.7 அளவில் நிற்கும். காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், அதனால் மூழ்கியதும் லேசாக ஆட்டிவிட வேண்டும். இரண்டணா போன்ற சிறிய காசுகளுக்கு இந்த முறை சரிவராது. அங்கே 0.01 கிராம் பிசகே முடிவைப் புரட்டிப் போட்டுவிடும்.

ஊரில் உள்ள நகைக்கடை கேரட் மீட்டரில் காட்டலாமே என்று பலர் சொல்கிறார்கள். காட்டலாம், காசுக்குச் சேதமில்லை. ஆனால் அந்தக் கருவி படிப்பது மேற்பரப்பை மட்டுமே. கனமாக வெள்ளி முலாம் பூசிய பித்தளைக்கும் அது நல்ல வெள்ளி என்றே சான்று தரும். அடர்த்தி உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்வதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

அடுத்தது விளிம்பு. இதை வற்புறுத்திக் கேட்கிறோம், ஏனென்றால் உங்கள் தளங்களில் உள்ள நாணயப் படங்களில் விளிம்பைக் காட்டும் படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வார்ப்புப் போலியின் குட்டு உடைவது விளிம்பில்தான். அச்சடித்த காசில் விளிம்புக் கோடுகள் கூர்மையாக, சீரான இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை ஓடும். உலோகத்தை உருக்கி வார்ப்பு அச்சில் ஊற்றிய காசில் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய தையல்போன்ற கோடு தெரியும். அதை அரத்தால் ராவி மறைத்திருந்தால் கோடுகள் அங்கங்கே மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள், எழுத்துகளின் ஓரங்கள் சோப்புக் கட்டியில் எழுதியதுபோல் வழுவழுப்பு, இவையும் வார்ப்பின் அடையாளங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். 1940களின் வெள்ளி ரூபாய்க்கு இன்னொரு காவல் உண்டு: நடுவில் பள்ளக்கோடு ஓடும் பாதுகாப்பு விளிம்பு. அந்த ஆண்டுகளின் ரூபாயில் சாதாரண நேர்க்கோட்டு விளிம்பு இருந்தால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

விளிம்பு காட்டிக்கொடுக்கும் வேறொன்றும் நம் ஊருக்கே உரியது. வெள்ளி ரூபாய்களில் ஏராளமானவை ஒருகாலத்தில் காசுமாலையிலும் தாலிக்கொடியிலும் கோக்கப்பட்டவை. வளையத்தைப் பிடுங்கி, பற்றவைத்த தடத்தை ராவிவிட்டு, நேர்ப்படம் மட்டும் எடுத்து, நல்ல நிலைக் காசு என்று விற்கிறார்கள். தலையுச்சிக்கு நேரே விளிம்பைப் பார்த்தால் கோடுகள் அழிந்த ஒரு சிறு திட்டு, நிறம் மாறிய பற்றாசு, இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வளையம் இருந்த காசு போலி அல்ல. ஆனால் அதைச் சொல்லாமல் முழுக்காசின் விலைக்கு விற்பது மோசடி.

இனி தரம். போலிகளைவிட அதிகப் பணம் கைமாறுவது இங்கேதான் என்று நாங்கள் நினைக்கிறோம், ஏனெனில் இங்கே காசு அசல். வாங்கியவருக்கு ஏமாந்தது தெரிவதே தான் அதை விற்கப் போகும்போதுதான்.

சேகரிப்பாளர்கள் வி.எஃப்., எக்ஸ்.எஃப்., ஏ.யு., யு.என்.சி. என்று சொல்லும் படிகளுக்குத் திட்டமான பொருள் உண்டு. யு.என்.சி. என்றால் புழக்கத்தின் தேய்மானம் துளியும் இல்லை. ஏ.யு. என்றால் மிக உயர்ந்த மேடுகளில் மட்டும் லேசான உரசல், அச்சுப் பளபளப்பு பெரும்பகுதி இருக்கிறது. எக்ஸ்.எஃப். காசில் மேடுகள் எல்லாம் சற்றே தேய்ந்திருக்கும், ஆனால் நுண்வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். வி.எஃப். என்றால் தேய்மானம் மிதமாக எங்கும் பரவி, நுண்கோடுகள் சில மறைந்திருக்கும். உங்கள் தளங்களிலோ வி.எஃப். காசுக்கு எக்ஸ்.எஃப். என்றும், எக்ஸ்.எஃப். காசுக்கு யு.என்.சி. என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு படி ஏற்றினால் விலை இரட்டிப்பாகும் காசுகள் உண்டு. சில ஆண்டுக் காசுகளில் பத்து மடங்கும் ஆகும்.

எங்கே பார்த்துத் தரம் சொல்ல வேண்டும் என்பது காசுக்குக் காசு மாறும். விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடிக்கற்றை, கிரீடத்தின் மணிகள், மார்பின் ஆடை மடிப்பு. ஏழாம் எட்வர்டின் உருவத்துக்கு மகுடம் இல்லை, அதனால் காதும் அதை ஒட்டிய முடியும் தாடியும் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜுக்குப் புருவம், மீசை, காது, மேலங்கியில் தொங்கும் யானை. ஆறாம் ஜார்ஜுக்குக் கிரீடத்தின் நடுப்பகுதியும் காதும். இந்த இடங்கள் சாம்பல் நிறத்தில் மழுங்கி, சுற்றியுள்ள பரப்பின் பளபளப்போடு சேராமல் தனித்து நின்றால் தேய்ந்த காசு. அழுத்தம் போதாமல் அச்சாகி, மேட்டில் வேலைப்பாடு குறைந்த காசும் உண்டு. அதில் பளபளப்பு மட்டும் மேட்டின் மீதும் தடையில்லாமல் ஓடும். “அச்சு சரியாக விழவில்லை, தேய்மானம் இல்லை” என்று விற்பவர் சொல்வது உண்மையா என்று பார்க்க இந்த ஒரு வேறுபாடு போதும்.

அதனால்தான் சாய்த்துப் பிடித்த படம் கேட்கிறோம். அசல் அச்சுப் பளபளப்பு உள்ள காசை விளக்கின் கீழ் மெல்லத் திருப்பினால் ஒளிக்கற்றை ஆரக்கால்போல் சுற்றி வரும். தேய்த்து மெருகேற்றிய காசில் ஒளி அசையாமல் எவர்சில்வர்த் தட்டு மாதிரி மொத்தமாக மின்னும். வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, நாணயத்துக்கும் அதையே செய்துவிடுகிறார்கள். பற்பசையும் பாலிஷ் திரவமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கண்ணுக்குப் புதிதாகத் தெரியும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் ஓடும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு மிச்சமிருக்கும். கம்பி பிரஷ் போட்டுச் சுழற்றிய காசில் எழுத்தோரங்களில் உலோகம் ஒதுங்கிச் சிறு வரப்பு கட்டியிருக்கும். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் இவை எல்லாம் மறைந்துவிடுகின்றன. சாய்த்து எடுத்த படத்தில், அல்லது பத்து விநாடி காணொளியில், மறையாது.

நிறமும் பொய் சொல்லும். வெள்ளி ஆண்டுக்கணக்கில் கறுக்கும்போது பொதுவாக விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று படிப்படியாக மாறும். கந்தகப் புகை காட்டியோ சூடேற்றியோ உண்டாக்கிய வானவில் நிறம் மேடு பள்ளம் பாராமல் திட்டுத் திட்டாகப் பரவி, கீறலின் உள்ளேயும் ஏறியிருக்கும்.

எடைக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எங்களுக்கு வருத்தம். தேய்ந்தால்தான் வெள்ளி ரூபாயின் எடை குறையும். யு.என்.சி. என்று சொல்லப்படும் ரூபாய் 11.3 கிராம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்: ஒன்று தரம், அல்லது காசே. எடைக்கு ஒரு கட்டமும் தரத்துக்கு ஒரு கட்டமும் படிவத்தில் இருந்தால் இந்த முரணை உங்கள் மென்பொருளே பிடித்துவிடும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுகூட இல்லை.

இப்போது கடினமான போலிக்கு வருகிறோம். ஓர் ஆண்டுக் காசு மிக அரிதாகி விலை எகிறும்போது, நல்ல வெள்ளியில் சரியான எடையில் போலி செய்வதே லாபமாகிவிடுகிறது. எடை, அடர்த்தி, காந்தம் எல்லாம் தேறிவிடும். 1939 ரூபாய் இந்த வகையில் ஆபத்தான காசு. நல்ல வெள்ளியில் வந்த கடைசி ஆண்டு அது, புழக்கத்துக்கு வந்தது மிகக் குறைவு. 1938 ரூபாயின் கடைசி எண்ணைத் திருத்தினால் தகடு அசல், எடை அசல், விளிம்பும் அசல். எண் ஒன்றுதான் பொய். கடைசி எண்ணின் உயரமும் தடிமனும் மற்ற மூன்று எண்களோடு பொருந்துகிறதா, அதைச் சுற்றிய பரப்பில் சுரண்டிய தடம் உண்டா, எண்ணின் அடி பரப்பிலிருந்து இயல்பாக எழுகிறதா அல்லது ஒட்டவைத்ததுபோல் வெட்டுக்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பம்பாய் அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் ஆலையின்) குறியான புள்ளியைச் சேர்ப்பதும் சுரண்டி எடுப்பதும் இதே வேலைதான். கல்கத்தாவுக்குக் குறி கிடையாது என்பதால் புள்ளியை நீக்கினால் காசு ‘ஊர் மாறிவிடும்’.

1911 ரூபாயை வடிவமே காப்பாற்றுகிறது. அந்த ஆண்டின் மேலங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டது; 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி உருவம் மாற்றப்பட்டது. ஆகவே 1911 என்று எழுதியிருந்து யானை பின்னாளைய வடிவில் இருந்தால் எண் திருத்தப்பட்டது. 1917இல் உள்ள 7இன் மேல்கோட்டைச் சுரண்டினால் 1 ஆகிவிடும், இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் எதைக் கண்டாலும் ‘பிக் ரூபாய்’ (பன்றி ரூபாய்) என்று தலைப்பிடும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். ஆண்டைப் படித்தாலே அது நின்றுவிடும்.

அசல் காசிலிருந்து அச்சு எடுத்துச் செய்யும் போலிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. தாய்க்காசில் இருந்த கீறலும் தட்டலும் அதன் பிள்ளைகள் அத்தனையிலும் அதே இடத்தில் பதிந்துவிடும். கன்னத்தில் ஒரு சிறு வெட்டு, எழுத்தின் காலில் ஒரு பொக்கை: புழக்கத்தில் நேர்ந்த காயம் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருக்கவே முடியாது. தனியொரு சேகரிப்பாளர் எத்தனை படங்களை ஒப்பிடுவார்? உங்களிடம் பல ஆண்டுகளின் விற்பனைப் படங்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. ஒரே படத்தைத் திருடி நான்கு கணக்குகளில் போட்டிருந்தாலும், வெவ்வேறு காசுகளில் ஒரே காயம் இருந்தாலும், கண்டுபிடிக்கும் வசதி உங்களிடம்தான் இருக்கிறது. அந்த ஒப்பீட்டை நாணயப் பிரிவுக்கு ஓட்டிப் பாருங்கள். நாங்கள் இந்த மடலில் கேட்பவற்றில் உங்களால் மட்டுமே செய்யக்கூடியது இது.

இன்னொரு கூட்டம் போலி என்று சொல்லக்கூடத் தகுதியற்றது; ஏனெனில் அவற்றுக்கு அசலே கிடையாது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ தாமரையோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் யு.கே.எல். என்ற எழுத்துகளும் ‘ஒன் அணா 1818’ என்ற வரியும். 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் வருகின்றன. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. ஓரணா என்ற மதிப்பில் இந்தியாவில் காசு புழக்கத்துக்கு வந்தது எட்வர்டு காலத்தில், 1907இல். அதுவும் பூப்போன்ற வளைவு விளிம்போடு, செம்பு நிக்கல் கலவையில். இந்தத் தகடுகளைச் சக்தி வாய்ந்தவை, அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறித்த வழக்குகளைத் தமிழ்நாட்டுக் காவல்துறை தொடர்ந்து பார்த்து வருகிறது. ‘ரைஸ் புல்லிங்’, ‘இரிடியம்’, ‘யு.கே.எல்.’, ‘1818 அனுமன்’ என்ற சொற்களோடு வரும் நாணயப் பதிவுகளைத் தேடல் வடிகட்டியிலேயே தடுத்துவிடுங்கள். இதில் யோசிக்க எதுவுமில்லை.

புழக்கத்தில் உள்ள காசுகளை லட்சத்துக்கு விலை போடுவதும் அதே இனம். 2012 என்ற ஆண்டு பொறித்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் பொதுப் புழக்கத்துக்காக அச்சானவை. அவற்றுக்கு யாரோ போட்ட கற்பனை விலையைப் பார்த்து, வீட்டில் அதே காசு வைத்திருப்பவர் விற்கப் பதிவிடுகிறார். உடனே ‘வாங்குபவர்’ ஒருவர் அழைத்து, பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கி அனுமதி என்று வரிசையாகப் பணம் கேட்கிறார். பழைய நாணயம், நோட்டுப் பரிவர்த்தனைக்கு எந்தக் கட்டணமும் கமிஷனும் தான் கேட்பதில்லை, யாரையும் கேட்க அனுமதித்ததுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் அறிக்கை விட்டது. அந்த எச்சரிக்கை உங்கள் நாணயப் பிரிவின் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். கேட்ட விலையை அல்ல, உண்மையில் விற்ற விலையை மட்டும் காட்டினால் இந்தத் தூண்டிலின் இரை பாதி போய்விடும்.

‘எரர் காசு’ என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் பட்டறையில் பிறந்ததுதான். நடுவட்டம் இல்லாத பத்து ரூபாயைப் பாருங்கள். அச்சடிக்கும்போதே நடுத்துண்டு இல்லாதிருந்தால் வளையத்தின் உலோகம் அழுத்தத்தில் துளைக்குள் பிதுங்கி, வேலைப்பாடு அந்த ஓரத்தில் சிதைந்திருக்கும். பிறகு தட்டி எடுத்ததில் துளையின் ஓரம் நறுக்கென்று, வேலைப்பாடு கத்தரித்ததுபோல் நின்றுவிடும். விக்டோரியாவின் 1862 ரூபாயில் உள்ள புள்ளிகளையும் சிலர் பிழை என்று விற்கிறார்கள். அது பிழையே அல்ல. 1874வரை ரூபாயில் 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் அச்சடித்ததால், அடித்த ஆண்டைக் குறிக்க வைத்த புள்ளிகள் அவை.

சோழர், பாண்டியர் காசுகளுக்கு இந்த அளவுகோல்கள் அப்படியே பொருந்தா, ஏனெனில் எடையே காசுக்குக் காசு மாறும். ஆனால் இரண்டு சொல்ல வேண்டும். நிற்கும் உருவமும் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் பொறித்த செப்புக்காசு ஏராளமாகக் கிடைப்பது. அதை ‘அரிதினும் அரிது’ என்று விற்பது பொய். பழஞ்செம்பின் பச்சைக் களிம்பு கல்போல இறுகி உலோகத்தோடு ஒன்றியிருக்கும். பூசிய பச்சை நகத்தில் சுரண்டினால் தூளாக வரும், அல்லது அசிட்டோன் தொட்ட பஞ்சில் நிறம் இறங்கும். ‘வயலில் கிடைத்தது’, ‘ஆற்றில் எடுத்தது’ என்ற கதையோடு வரும் பதிவைப் பற்றியும் யோசியுங்கள். கதை பொய் என்றால் பதிவே பொய். மெய் என்றால், மண்ணிலிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இரண்டு வகையிலும் அந்தப் பதிவு உங்கள் தளத்தில் இருக்கக் கூடாது. நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கும்போது, அந்தப் பதிவுகளின் கீழ் ‘உலகெங்கும் அனுப்பப்படும்’ என்ற வசதியை நீங்களே கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

சான்றளிக்கப்பட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வந்தால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு: காசைச் சோதித்துத் தரம் குறித்து மூடித் தரும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்களின் பெட்டிகளையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது மட்டும் போதாது, போலிக்காரர்கள் உண்மையான எண்ணையே நகலெடுக்கிறார்கள். பதிவேட்டில் படம் இருந்தால் அதன் ஒவ்வொரு புள்ளியும் கறையும் கையில் உள்ள காசோடு பொருந்த வேண்டும். சான்று எண்ணைத் தனிக் கட்டத்தில் வாங்கி, நிறுவனத்தின் பக்கத்துக்கு நேரடி இணைப்பாக நீங்களே காட்டுங்கள். பெட்டி இல்லாத காசுக்கு, அந்த நிறுவனங்கள் யு.என்.சி. காசுகளுக்குத் தரும் ‘எம்.எஸ். 65’ போன்ற தர எண்ணை விற்பவரே சூட்டுவதை அனுமதிக்காதீர்கள்.

நகல்களை விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1973 முதல் நகல் நாணயத்தின் உலோகத்திலேயே அது நகல் என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல் அதை உங்கள் விதியாகவே ஆக்கலாம். விளக்கத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் ‘ரெப்ளிகா’ என்று போட்டுவிட்டுத் தலைப்பில் ‘ஒரிஜினல்’ என்று எழுதுவது இனி செல்லாது என்று அறிவியுங்கள்.

நாங்கள் கேட்கும் படிவம் இதுதான். 0.01 கிராம் காட்டும் தராசின் மேல் காசு இருக்கும் படம், எண் தெரியும்படி. மில்லிமீட்டரில் விட்டம். இரு பக்கமும் நேராக எடுத்த படம், சாய்த்து எடுத்த படம், விளிம்பின் படம் குறைந்தது இரண்டு இடங்களில். கையால் எழுதிய தேதித் துண்டு படத்துக்குள் இருக்க வேண்டும், வேறு இடத்திலிருந்து எடுத்த படம் அதனால் தடுக்கப்படும். கழுவியது, மெருகேற்றியது, வளையம் இருந்தது, எண் திருத்தியது என்ற நான்கு கேள்விகளுக்கு ஆம், இல்லை என்ற கட்டாயப் பதில். விவரமும் படமும் பொருளோடு பொருந்தும் என்று விற்பவரிடம் உறுதிமொழி பெறும் கடமையை 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் ஏற்கெனவே உங்கள் மேல் வைத்திருக்கின்றன. கேட்க ஒரு கட்டம்கூட இல்லாமல் அந்த உறுதிமொழி எதைப் பற்றியது?

‘சேகரிப்புப் பொருளுக்குத் திருப்பி வாங்குதல் இல்லை’ என்ற விதியையும் நீக்குங்கள். காசு கைக்கு வந்தபின் அடர்த்தி பார்க்கவும், அறிந்தவரிடம் காட்டவும் பதினான்கு நாளாவது தேவை. வாங்குபவர் உறையைப் பிரிப்பதிலிருந்து தராசில் வைப்பதுவரை வெட்டில்லாமல் எடுத்த காணொளியைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே விதிகளில் உள்ளது. “விற்பவரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்பது தீர்வல்ல. அலைக்கழிக்கப்படுபவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும், பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணையும் அழைக்கும்படி எங்கள் தரப்பில் சொல்லி வருகிறோம்.

கடைசியாக ஒன்று. போலி என்று புகார் வந்ததும் பதிவை நீக்கிவிடுகிறீர்கள். அதோடு படமும் விவரமும் விற்பவரின் பெயரும் மறைந்துவிடுகின்றன. அதே விற்பனையாளரிடம் அதே காசை முன்பே வாங்கியவருக்கு எதுவும் தெரிவதில்லை. நீக்கிய பதிவின் படங்களைக் காரணத்தோடு பொதுவில் வையுங்கள். அவரிடம் வாங்கிய அனைவருக்கும், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும், எந்தக் காசு, ஏன் நீக்கப்பட்டது, பணத்தைத் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள்